குளிர்கால விடுமுறையில் ரிசார்ட்டின் ஹீட்டட் பூல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்கால விடுமுறை நெருங்கினாலே தெரிந்தவர்களிடமிருந்து எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். நான் நீச்சல் சொல்லித் தருகிறவள். "ரிசார்ட்ல ஹீட்டட் பூல் இருக்காம், பிள்ளைகளை இறக்கலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். வருடா வருடம் அதே சந்தேகங்கள் வருவதால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

பெரும்பாலானவர்களுக்குக் கவலை தண்ணீரின் சூட்டைப் பற்றித்தான். எனக்குக் கவலை வேறு இரண்டு: தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் வரும் முதல் இரண்டு நிமிடம், ஆவி மூடிய குளத்தில் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாமல் போவது. அதனால் அந்தப் பதில்கள் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

ஹீட்டட் பூல்னா தண்ணி எவ்வளவு சூடா இருக்கும்? வீட்டுல குளிக்கிற வெந்நீர் மாதிரியா?

இல்லை. பொழுதுபோக்குக் குளங்களை வழக்கமாக 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வைப்பார்கள். நாம் குளிக்கும் வெந்நீர் 38, 40 டிகிரி இருக்கும். அதை நினைத்துக்கொண்டு காலை வைத்தால் "என்ன, பச்சைத் தண்ணியா இருக்கு!" என்றுதான் தோன்றும். ஒரு நிமிடம் கை காலை அசைத்தால் பழகிவிடும்.

நீச்சல் போட்டிக் குளங்கள் இன்னும் குளிர்ச்சியானவை, 25 முதல் 28 டிகிரி. வேகமாக நீந்துகிறவர் உடலே சூட்டை உண்டாக்கும் என்பதால் அவருக்கு அது போதும். சின்னக் குழந்தைகளுக்கான குளம் 32 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. குமிழி பொங்கும் சுடுநீர்த் தொட்டியான ஜக்குஸி தனி ரகம், அதைக் கீழே சொல்கிறேன்.

30 டிகிரி வெயில்ல வேர்த்துக் கொட்டுது. அதே 30 டிகிரி தண்ணியில எப்படிக் குளிரும்?

காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். உடலின் உள்சூடு 37 டிகிரி. 30 டிகிரித் தண்ணீரில் சும்மா நின்றால் உடல் சூடு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குப் போய்க்கொண்டே இருக்கும். நீந்துகிறவருக்குத் தெரியாது. படிக்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறவருக்கு அரை மணி நேரத்தில் உடம்பு சிலிர்க்கும்.

ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி என்ன கேட்கணும்?

"பூல் ஹீட்டடா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "இன்னிக்குக் காலையில தண்ணி எத்தனை டிகிரி?" என்று கேளுங்கள். நிஜமாகவே சூடாக்கிப் பராமரிக்கும் இடத்தில் தினமும் அளந்து எழுதி வைப்பார்கள், உடனே எண் கிடைக்கும். எண் சொல்லாமல் "நல்லா வெதுவெதுப்பா இருக்கும்" என்றால் நான் இன்னொரு தடவை கேட்பேன்.

நான்கைந்து குளங்கள் இருந்தால் எல்லாவற்றையும் சூடாக்கமாட்டார்கள், ஒன்று மட்டும் இருக்கலாம். எது, எந்தெந்த மாதங்களில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கேளுங்கள். அப்புறம் யாரும் கேட்காத ஒரு கேள்வி: குளத்திலிருந்து உடை மாற்றும் அறை எவ்வளவு தூரம், நடுவில் கூரை உண்டா? குளிர்காலத்தில் உங்கள் சந்தோஷத்தைத் தீர்மானிப்பது பாதி இதுதான்.

நாங்க வந்தப்புறம் சொன்னா சூடு பண்ணித் தரமாட்டாங்களா?

முடியாது, அவர்கள் மனது வைத்தாலும். ஒரு நடுத்தரக் குளத்தில் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே ஒரு டிகிரி உயர்த்த 116 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் வேண்டும். 18 டிகிரியிலிருந்து 28க்குக் கொண்டுபோக 1,160 யூனிட். 50 கிலோவாட் ஹீட்டர் நிற்காமல் ஓடினாலும் 23 மணி நேரம் ஆகும், அதுவும் வழியில் கொஞ்சமும் சூடு வீணாகாவிட்டால்.

ஹீட் பம்ப் வைத்திருந்தால் மின்செலவு குறையும், ஏனென்றால் அது வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. ஆனால் காற்று குளிரக் குளிர அதன் திறனும் இறங்கும். கடும் குளிர் நாட்களில் குளம் இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால் அது ஊழியர்களின் அலட்சியம் என்று உடனே முடிவு கட்டவேண்டாம்.

சாயங்காலமே குளத்தை மூடிடறாங்க. கேட்டா "சூடு போயிடும்"ங்கறாங்க. நிஜமா?

நிஜம். திறந்தவெளிக் குளம் இழக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் மேற்பரப்பில் நீர் ஆவியாவதால் போவது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம், சுமார் 580 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிரவைக்கப் போதும். இரவுக் காற்றில் மூடாமல் விட்டால் பகலெல்லாம் சேர்த்த சூடு பறந்துவிடும்.

மூடியிருக்கும் குளத்தின் மேல் பிள்ளைகள் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல மூடிகள் ஆள் எடையைத் தாங்காதவை. உள்ளே விழுந்தால் மூடி மேலே சுற்றிக்கொள்ளும்.

வெளியில 5 டிகிரி குளிர். திறந்தவெளிக் குளத்துல இறங்கலாமா?

தண்ணீர் 29, 30 டிகிரி இருந்து, உங்களுக்கு உடல்நலக் குறை ஒன்றும் இல்லையென்றால் இறங்கலாம். கழுத்து வரை வெதுவெதுப்பு, முகத்தில் சில்லென்ற காற்று. அந்த அனுபவம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. சிக்கல் வெளியே வரும்போதுதான். மேல் கேள்வியில் குளத்துக்குச் சொன்னது உங்கள் உடம்புக்கும் பொருந்தும்: ஈரத் தோலிலிருந்து நீர் ஆவியாகி உடல் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், காற்று அடித்தால் இன்னும் வேகமாக.

ஒருமுறை நான் துண்டைக் குளத்தோரம் நாற்காலி முதுகில் போட்டுவிட்டு இறங்கினேன். முக்கால் மணி நேரம் கழித்து ஏறி எடுத்தால், குளத்து ஆவி படிந்து துண்டு முழுக்க ஈரம், பிழிந்தால் சொட்டும் அளவுக்கு. அதைப் போர்த்திக்கொண்டு நாற்பது அடி நடந்தேன். விரல்கள் விறைத்து அறைக் கதவின் அட்டையைப் பிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து துண்டை மூடிய பைக்குள்தான் வைக்கிறேன், கை எட்டும் தூரத்தில்.

என் பழக்கத்தை அப்படியே சொல்லிவிடுகிறேன். ஏறியதும் முதலில் தலையைத் துவட்டித் தொப்பி. அடுத்து உடம்பைத் துடைத்து, தலைவழியாக மாட்டும் கனத்த அங்கி. பிறகு செருப்பு, ஏனென்றால் குளிரில் ஈரத் தரை உறைந்து வழுக்கலாம். ஓடக்கூடாது. ஈர நீச்சலுடையை அறைக்குப் போனதும் முதல் வேலையாக மாற்றவேண்டும். "இன்னொரு ரவுண்டு போகலாம்" என்று ஈர உடையோடு உட்கார்ந்திருப்பவர்கள்தான் கடைசியில் நடுங்குவார்கள்.

ஈரத் தலையோட வெளியில வந்தா சளி பிடிக்காதா? எங்க அத்தை விடவே மாட்டேங்கறாங்க.

சளியை உண்டாக்குவது வைரஸ், ஈரத் தலை இல்லை. குளிர்காலத்தில் ஆட்கள் மூடிய அறைகளில் நெருங்கி இருப்பதால் அது எளிதாகப் பரவுகிறது. அதற்காக அத்தையிடம் வாதாட வேண்டாம். ஈரத் தலையோடு குளிர்காற்றில் நின்றால் உடல் சூடு குறைவதும் தலை விறைப்பதும் உண்மைதானே. துவட்டச் சொல்வதில் அவர் சரி.

ஏற்கெனவே காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தால் அன்றைக்கு நீச்சல் வேண்டாம்.

பிள்ளை வெளியே வரவே மாட்டேங்குது. எவ்வளவு நேரம் விடலாம்?

கடிகாரத்தைப் பார்ப்பதைவிட உதட்டைப் பாருங்கள். குழந்தைகளின் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். அதனால் நம்மைவிட வேகமாகச் சூட்டை இழப்பார்கள். என்னிடம் படித்த ஏழு வயதுப் பையன் ஒருவன், பல் கிடுகிடுவென்று அடிக்க, உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருக்க, "குளிரல மிஸ், குளிரவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்திருந்தான். விளையாட்டில் இருக்கும் பிள்ளையின் வாய் சொல்வதை நம்ப முடியாது.

உதடு நீலம் பாய்ந்தால், உடல் நடுங்கினால், இதுவரை துள்ளிய பிள்ளை திடீரென்று ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றால், பேச்சை நிறுத்திவிட்டு வெளியே எடுங்கள். பொதுவாக 28 டிகிரித் தண்ணீரில் சின்னப் பிள்ளைகளை இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றித் துவட்டிச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுப்பேன். நன்றாகச் சூடேறிய பிறகு மறுபடி இறங்கட்டும்.

கைக்குழந்தையை இறக்கலாமா?

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் தண்ணீர் 32 டிகிரிக்குக் குறையக்கூடாது. முதல் தடவை பத்து நிமிடம் போதும். குளிர்காலத்தில் திறந்தவெளிக் குளத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன், தண்ணீர் சூடாக இருந்தாலும் எடுத்துத் துவட்டுவதற்குள் குழந்தை குளிர்ந்துவிடும். உள்ளரங்கக் குளமாகப் பாருங்கள்.

நீச்சல் டயப்பர் மலத்தைக் கொஞ்ச நேரம் தாங்கும், கிருமியைத் தாங்காது. மணிக்கு ஒரு தடவையாவது பார்த்து, குளத்திலிருந்து தள்ளி வைத்து மாற்றுங்கள்.

தண்ணிமேல புகை மாதிரி ஆவி பறக்குது, படம் எடுத்தா அழகா இருக்கு. அதுல ஒண்ணும் ஆபத்து இல்லையே?

ஆவியில் விஷம் ஒன்றும் இல்லை. ஆனால் அது மறைக்கும். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். காற்று குளிரக் குளிர ஆவி அடர்த்தியாகும். அதிகாலையிலும் இரவிலும் குளத்தின் மறுகரை தெரியாத அளவுக்கு எழும். அப்போது கரையில் இருப்பவருக்கு ஒரு தலை தெரிகிறதா இல்லையா என்பதே நிச்சயமாக இருக்காது.

மூழ்குகிறவர் கை வீசிக் கூப்பிடுவார் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூச்சு விடவே வாய் போதாதபோது கத்த முடியாது. சத்தமே இல்லாமல், சில நொடிகளில், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாமல் நடந்துவிடும். இதோடு ஆவியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் கடைப்பிடிப்பது இதுதான்: கரையிலிருந்து குளத்தின் அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரியவேண்டும். தெரியாவிட்டால், ஆவியாலோ கலங்கலாலோ, யாரும் இறங்கவேண்டாம். வெயில் ஏறும்வரை காத்திருக்கலாம். பிள்ளைகளுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது சிவப்பு நீச்சலுடை போடுங்கள், வெளிர் நீலம் தண்ணீரோடு கலந்துவிடும்.

அதான் லைஃப்கார்டு இருக்காரே, நாங்களும் பார்த்துக்கிட்டே இருக்கணுமா?

கண்டிப்பாக. பல ரிசார்ட்களில் லைஃப்கார்டே இருப்பதில்லை, "உங்கள் சொந்தப் பொறுப்பில்" என்று பலகை மட்டும் இருக்கும். இருந்தாலும் அவர் முப்பது பேரைப் பார்க்கவேண்டும், நீங்கள் உங்கள் பிள்ளையை மட்டும். நீந்தத் தெரியாத பிள்ளை என்றால் தண்ணீருக்குள் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்கவேண்டும். ஊதிய வளையமும் கைப்பட்டையும் விளையாட்டுப் பொருட்கள், உயிர்காப்புச் சாதனங்கள் அல்ல.

குடும்பமாகப் போகும்போது ஐந்து பெரியவர்கள் கரையில் இருப்பார்கள், ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். "இப்ப நான் பார்க்கறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். முறை உள்ளவர் கையில் போன் கூடாது.

குளோரின் வாடை தூக்கலா இருந்தா நல்லா மருந்து போட்டிருக்காங்கன்னுதானே அர்த்தம்?

பெரும்பாலும் நேர்மாறு. மூக்கைத் துளைக்கும் அந்த வாடை குளோரமைனுடையது. குளோரின், வேர்வையோடும் சிறுநீரோடும் வினைபுரியும்போது அது உண்டாகிறது. கிருமியைக் கொல்லவேண்டிய குளோரின் அதில் செலவாகிப்போகும். கண் எரிச்சலுக்கும் இருமலுக்கும் இதுவே காரணம். குளிர்காலத்தில் உள்ளரங்கக் குளங்களில் ஜன்னல்களை அடைத்து வைப்பதால் இது தண்ணீர்மட்டத்துக்கு மேலே தங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அப்படிப்பட்ட அறையில் நிற்கவேண்டாம்.

இதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு: இறங்குமுன் ஒரு நிமிடம் ஷவரில் உடம்பைக் கழுவுவது. குளிராக இருக்கிறதே என்று குளிர்காலத்தில்தான் எல்லாரும் இதைத் தவிர்க்கிறார்கள்.

சூடான தண்ணியில கிருமி செத்துடாதா?

30, 40 டிகிரி கிருமியைக் கொல்லும் சூடே அல்ல, வளர்க்கும் சூடு. போதாக்குறைக்கு, தண்ணீர் சூடாக இருந்தால் குளோரின் சீக்கிரம் குறைந்துவிடும். அதனால்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நீச்சல் குளத்தில் லிட்டருக்கு குறைந்தது 1 மில்லிகிராம் குளோரின், ஜக்குஸியில் குறைந்தது 3 மில்லிகிராம் என்று சொல்கிறது. தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.0 முதல் 7.8க்குள் இருக்கவேண்டும். இதைப் பார்க்கும் சோதனைத் தாள்கள் எளிதாகக் கிடைக்கும். தண்ணீரில் முக்கி நிறத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

பராமரிப்பு சரியில்லாத ஜக்குஸியில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா தோலில் அரிக்கும் சிவப்புப் பொரிகளை உண்டாக்கும், நீச்சலுடை மூடிய இடத்தில் அதிகமாக. இதைவிடக் கவலைக்குரியது லெஜியோனெல்லா. குமிழிகளிலிருந்து எழும் சாரலை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவை உண்டாக்கலாம். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால், ஜக்குஸியில் உட்கார்ந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உப்புத்தண்ணி குளம்னா குளோரின் இல்லைதானே?

இருக்கிறது. அந்த உப்பிலிருந்து மின்சாரம் மூலம் குளோரினைத் தயாரிக்கிறார்கள். மேலே சொன்ன அளவுகள் எல்லாம் அதற்கும் பொருந்தும்.

ஜக்குஸியில எவ்வளவு நேரம் உட்காரலாம்?

40 டிகிரிக்கு மேல் இருந்தால் இறங்கவே வேண்டாம். 40 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்து எழுங்கள். மது குடித்துவிட்டு இறங்கவே கூடாது, தூக்கம் வந்து முகம் தண்ணீருக்குள் சரியும்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு ஜக்குஸி கூடாது. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் இறங்கவேண்டும். நீண்ட முடியைக் கொண்டையாகக் கட்டிக்கொண்டு, உறிஞ்சும் துவாரத்திலிருந்து தலையைத் தள்ளி வையுங்கள்.

ஜக்குஸியிலிருந்து எழுந்து நேரா பனியில, சில்லுனு இருக்கற குளத்துல குதிக்கறாங்களே. நாங்களும் செய்யலாமா?

பழகியவர்கள் செய்கிறார்கள். பழகாதவர் 15 டிகிரிக்குக் குறைந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால், அவரறியாமல் மூச்சைப் பலமாக இழுப்பார். அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர் உள்ளே போகும். விரிந்திருந்த ரத்தக் குழாய்கள் ஒரே நொடியில் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும், இதயத் துடிப்பும் எகிறும். இதயக் கோளாறு இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர். விடுமுறையில் முதல் தடவையாக முயன்று பார்க்கும் விஷயம் இல்லை இது.

கர்ப்பமா இருக்கேன். நீந்தலாமா?

சிக்கலில்லாத கர்ப்பம் என்றால் 28, 30 டிகிரிக் குளத்தில் நிதானமாக நீந்துவது நல்லது, முதுகுக்கு இதமாக இருக்கும். ஜக்குஸியைத் தவிர்த்துவிடுங்கள். முதல் மூன்று மாதத்தில் தாயின் உடல்சூடு 39 டிகிரியை ஒட்டி ஏறினால் கருவின் மூளை, தண்டுவட வளர்ச்சி பாதிக்கப்படலாம். மருத்துவர் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அதுவே முடிவு.

பீரியட்ஸ் நேரத்துல இறங்கினா தப்பா?

தப்பே இல்லை. டாம்பான் அல்லது மென்ஸ்ட்ருவல் கப் போதும். சாதாரண நாப்கின் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும், பயன்படாது. வெதுவெதுப்பான தண்ணீர் வயிற்று வலிக்கு இதம் தரும் என்று என் மாணவிகள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

தண்ணியில இறங்கின அஞ்சு நிமிஷத்துல பாத்ரூம் வருதே, ஏன்?

தண்ணீர் உடலைச் சுற்றி அழுத்துவதால் கை கால்களில் இருக்கும் ரத்தம் நெஞ்சுப் பக்கம் வரும். ரத்தம் கூடிவிட்டது என்று உடல் எடுத்துக்கொண்டு, நீரை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குச் சொல்லும். எல்லாருக்கும் நடப்பதுதான். இறங்குமுன் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள், பிள்ளைகளை நடுவில் ஏற்றும்போதெல்லாம் கூட்டிக்கொண்டு போங்கள். வெளியே குளிர்கிறதே என்று குளத்திலேயே முடித்துக்கொண்டால் குளோரமைன் கதைதான்.

இதே காரணத்தால் தாகம் தெரியாமலேயே உடலில் நீர் குறையும். கரையில் குடிநீர் வைத்திருங்கள்.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் இறங்கணுமா?

அவசியமில்லை. சாப்பிட்டதும் நீந்தினால் மூழ்கிவிடுவார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. வயிறு கனமாக இருந்தால் உங்களுக்கே நீந்தத் தோன்றாது, அவ்வளவுதான்.

தோல் வறண்டு வெள்ளையாப் போகுது, முடி நாராகிடுது. என்ன பண்றது?

குளிர்காலக் காற்றே வறண்டது, குளோரினும் சேர்ந்தால் தோலின் எண்ணெய்ப் பசை போய்விடும். ஏறியதும் நல்ல தண்ணீரில் குளித்து, தோல் ஈரமாக இருக்கும்போதே எண்ணெயோ கிரீமோ தடவுங்கள். முடிக்கு ஒரு எளிய வழி: இறங்குமுன் குழாய்த் தண்ணீரில் நன்றாக நனையுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளத்துத் தண்ணீரைக் குறைவாக உறிஞ்சும். மலைப்பகுதி என்றால் சன்ஸ்கிரீனும் வேண்டும், பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும்.

காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்து வடியவிட்டுத் துண்டால் துடையுங்கள், பஞ்சுக் குச்சி விடாதீர்கள். காது மடலை இழுத்தால் வலிக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டவேண்டும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் இறங்கவேண்டும்.

பிள்ளைக்கு நேத்து வயித்துப்போக்கு, இன்னிக்கு நின்னுடுச்சு. காசு கட்டி இவ்வளவு தூரம் வந்துட்டோம், இறக்கலாமா?

வேண்டாம். உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனாலும் வேண்டாம். வயிற்றுப்போக்கு நின்று குறைந்தது 48 மணி நேரம் ஆகவேண்டும். காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் இரண்டு வாரம். இந்த ஒட்டுண்ணி சரியான அளவு குளோரின் உள்ள தண்ணீரிலும் ஏழு நாளுக்கு மேல் உயிரோடு இருக்கும். அதே குளத்தில் ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கிவிடும் இன்னொரு வீட்டுக் குழந்தைக்கு அது போய்ச் சேரும்.

அறையில் குளியல் தொட்டி இருந்தால் 36, 37 டிகிரிக்குத் தண்ணீர் நிரப்பி, குளத்துக்குக் கொண்டுவந்த பொம்மைகளை எல்லாம் அதில் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். நீச்சல் கண்ணாடியை மாட்டிவிட்டால் பிள்ளை அங்கேயும் ஒரு மணி நேரம் ஏறமாட்டான். தண்ணீர் ஆறியதும் மட்டும் சூடு சேர்க்கவேண்டியிருக்கும். அப்போது பிள்ளையை வெளியே எடுத்துவிட்டு, கலக்கிப் பார்த்தபின் மறுபடி இறக்குங்கள்.